செம்பொட்டு வைக்கும் விழா

டெக்சாஸ் காட்டுப்பன்றிக்கு வசந்தாமணியை ரொம்பப் பிடிக்கும். வசந்தாமணி என் மனைவி. நாங்கள் குடியிருக்கிற கேட்டி என்ற ஊரிலிருந்து மேற்கே அரை மணி நேரம் டிரைவ் பண்ணினால் வருகிற எங்கள் நாலு ஏக்கரில் இந்த வருஷம் அவள் கடலைக்காய் போட்டிருந்தாள். வேலைக்குப் போக முடியாத விசாவில் பல வருஷம் வீட்டுக்குள்ளேயே இருந்தவள். கிரீன் கார்டு வந்ததும் வேலை தேடுவாள் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, அவள் நிலம் வேண்டும் என்றாள். ஈரோட்டுக்காரி, சொன்னால் சொன்னதுதான். விதை போட்டதும் அவளே, களை எடுத்ததும் அவளே. விழுது இறங்கிக் காய் பிடித்த அன்று அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எங்கள் கல்யாணத்தன்றுகூட அவள் அப்படிச் சிரிக்கவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

காய் பிடித்த சேதி அதே வாரம் பன்றிகளுக்கும் எட்டிவிட்டது. பொழுது சாய்ந்தால் ஒரு தாய்ப்பன்றி முன்னால் வரும். பின்னாலேயே அதன் குடும்பம், உறவு, சிநேகிதம் எல்லாம் வரும். மூக்கை மண்ணில் வைத்துத் தள்ளிக்கொண்டே போனால், பாத்தி பாத்தியாகக் காலி.

"ஏனுங், இன்னும் ஒரு மாசத்துல புடுங்கிறலாமுங்க. அதுக்குள்ள இதுகளுக்கு ஒரு வழி பண்ணுங்க. மொதல் வெள்ளாமைங்க இது," என்றாள்.

டெக்சாஸில் சொந்த நிலத்தில் காட்டுப்பன்றியைச் சுட்டால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. என்னிடம் துப்பாக்கியும் இருந்தது. இல்லாதது குறி. ஒரு நாள் பன்றியைப் பார்த்துச் சுட்டேன். தூரத்தில் இருந்த ஓக் மரத்தில் பட்டை தெறித்தது. பக்கத்து நிலத்துக்காரர் பரிதாபப்பட்டு ஒரு யோசனை சொன்னார். துப்பாக்கி மேலே பொருத்துகிற ரெட் டாட் என்று ஒரு சின்னக் கருவி உண்டாம். அதன் கண்ணாடி வழியே பார்த்தால் ஒரு சிவப்புப் புள்ளி மிதக்கும். புள்ளியைப் பன்றி மேல் வைத்து விசையை அழுத்த வேண்டியது. அவ்வளவுதான்.

கடைக்குப் போனேன். ஒரு சுவர் முழுக்க ரெட் டாட். குழாய் மாதிரி ஒன்று, ஜன்னல் மாதிரி ஒன்று, பேட்டரியில் ஓடுவது, வெயிலில் ஓடுவது. கடைக்காரர், "எத்தனை எம்.ஓ.ஏ. வேண்டும்?" என்று கேட்டார். எங்கள் நிலம் ஊருக்கு வெளியே இருக்கிறது, அங்கே எச்.ஓ.ஏ. என்கிற குடியிருப்போர் சங்கம் எதுவும் கிடையாது, புல் வெட்டவில்லை என்று யாரும் நோட்டீஸ் ஒட்ட மாட்டார்கள் என்று நான் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். எம்.ஓ.ஏ. என்றால் புள்ளி எவ்வளவு பெரிது என்பதற்கான அளவாம். மானம் போய்விட்டது. யோசித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி வெளியே வந்தேன்.

அங்கேயே கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது ஒன்றை வாங்கியிருக்கலாம். விதி யாரை விட்டது! கார் பார்க்கிங்கில் நின்றபடி, கேட்டி பெருவெளித் தமிழ் மாமன்றத்தின் வாட்ஸாப் குழுவில் ஒரு வரி தட்டிவிட்டேன். "நண்பர்களே, பன்றித் தொல்லை. நல்ல ரெட் டாட் எது? அவசரம்."

மாமன்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். பொங்கலுக்குக் கரும்பு எங்கே கிடைக்கும் என்று கேட்டால் சித்திரையில் பதில் வருகிற இடம் அது. ஆனால் என் கேள்விக்கு நான் ஃப்ரீவே ஏறுவதற்குள் பதில் வந்தது. தலைவர் பிச்சுமணியே போன் பண்ணினார்.

"என்ன கிட்டுசாமி, தனியா வாங்கப் போறீங்களா? அப்புறம் மன்றம் எதுக்கு இருக்கு?"

"இல்லீங்க தலைவரே, சும்மா எது நல்லதுன்னு…"

"கடவுள் அனுப்பின மாதிரி வந்தீங்க போங்க. ஆயுத பூஜைக்கு தீம் இல்லாம தவிச்சிட்டு இருந்தோம். போன வருஷம் லேப்டாப்புக்கு பூஜை போட்டோம், பூஜை நடுவுல அதுவே அப்டேட் ஆகப் போயிடுச்சு. இந்த வருஷம் நிஜ ஆயுதம்! மன்றமே செலக்ட் பண்ணி, மன்றமே வாங்கி, உங்க நிலத்துலயே விழா. என்ன சொல்றீங்க?"

"பன்னிங்க தலைவரே, அது தெனமும்…"

"பன்னி எங்க போகப் போகுது?" என்றார் பிச்சுமணி. அதில் மட்டும் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை.

முதல் கூட்டம் பெயர் வைப்பதற்கு. தமிழில் பெயர் இல்லாத பொருளை மாமன்றம் வாங்காதாம். அப்படி ஒரு விதி இருப்பது அன்றுதான் எனக்குத் தெரியும். அன்றுதான் போட்டார்கள் என்பது பிறகு தெரிந்தது. செயலாளர் இளமாறன் எழுந்து, "செம்புள்ளி" என்றார். சுருக்கமாகத்தான் இருந்தது. எல்லாரும் தலையாட்டினார்கள். நான் எழுந்திருக்கப் பார்த்தேன்.

"உக்காருங்க," என்றார் பிச்சுமணி. "செம்புள்ளின்னு வெச்சா என்ன ஆகும்? கரும்புள்ளி செம்புள்ளி குத்தி கழுதை மேல ஏத்தினாங்கன்னு நாளைக்கு நியூ ஜெர்சி மன்றத்துக்காரன் மீம் போடுவான். நம்ம கௌரவம் என்ன ஆகுறது?"

கூட்டம் திகிலடைந்தது. அடுத்து ஒருவர் "திலகம்" என்றார். அது தமிழா என்று இன்னொருவர் கேட்டார். தமிழ்தான், இல்லை, அப்படியானால் உங்கள் பெயர் தமிழா, என் பெயரை ஏன் இழுக்கிறீர்கள் என்று பேச்சு போய், இரண்டு பேர் ராஜினாமா செய்து, டீ வந்ததும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். கடைசியில் மகளிர் அணித் தலைவி வான்மதி ஆன்ட்டி வழி காட்டினார்.

"பொட்டுன்னு வைங்களேன். மங்களகரமா இருக்கும்."

செம்பொட்டு! கைதட்டல் அடங்க நேரமாயிற்று. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. நான் வெளியே வந்து பார்த்தால் வசந்தாமணியிடமிருந்து ஒரு போட்டோ வந்திருந்தது. கிழக்கு மூலையில் மண் புரண்டு கிடந்தது, செடி ஒன்றுகூட இல்லை.

அடுத்த கூட்டம் தேர்வுக் குழு. இளமாறன் வீட்டு கராஜில் மூன்று செம்பொட்டுகளை மேஜை மேல் வரிசையாக வைத்திருந்தார்கள். சரஸ்வதி படம், ஊதுபத்தி, கேசரி எல்லாம் இருந்தன. தலைவர் முதல் கருவியை எடுத்துக் கண்ணருகே பிடித்தார். அப்படியே சிலையாகிவிட்டார்.

"என்னய்யா இது… மூணு புள்ளி தெரியுது! மேல ஒண்ணு, கீழ ரெண்டு. ஃ! ஆய்த எழுத்துய்யா!"

நான் வாங்கிப் பார்த்தேன். உருண்டையாக, அழகாக, ஒரே ஒரு புள்ளி.

"எனக்கு ஒண்ணுதான் தெரியுதுங்க," என்றேன்.

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிச்சுமணி கண்ணாடி போட வேண்டியவர் என்பது கேட்டியில் எல்லாருக்கும் தெரியும். போன வருஷம் விழாவில் வேறு ஒருவருக்குப் போட வேண்டிய பொன்னாடையைத் தூணுக்குப் போடப் போனவர் அவர். ஆனால் அதை அவரிடம் சொல்ல ஆள் பிறக்கவில்லை. இளமாறன் கருவியை என் கையிலிருந்து வாங்கி, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணையும் கிட்டத்தட்ட மூடிக்கொண்டு பார்த்தார்.

"மூணு தெரியுது தலைவரே. நாலாவதும் லைட்டா தெரியுது."

அதன் பிறகு வரிசையாக எல்லாருக்கும் மூன்று தெரிந்தது. பொருளாளர் ஒருவர்தான் சங்கடமாக, "எனக்கு ரெண்டரை," என்றார். இரண்டாவது கருவியில் தலைவருக்குக் கமா தெரிந்தது. மூன்றாவதில் நண்டு. மூன்றும் தயாரிப்புக் கோளாறு என்று குழு முடிவு செய்தது. ஒரு புள்ளி மட்டும் தெரிகிற உறுப்பினர், அதாவது நான், உடனடியாகக் கண் டெஸ்ட் பண்ணிக்கொள்ள வேண்டும் என்று ஒரு தீர்மானமும் வந்தது.

போனேன். என்ன செய்வது? கண் டாக்டர், இந்த வயதில் இவ்வளவு நல்ல கண்ணை அபூர்வமாகத்தான் பார்க்கிறேன் என்று எழுதிக் கொடுத்தார். அதைக் குழுவில் படித்தார்கள். "அபூர்வம்னா, ஏதோ வித்தியாசமா இருக்குன்னுதானே அர்த்தம்?" என்றார் பிச்சுமணி, என் தோளில் ஆறுதலாகத் தட்டியபடி. "கவலைப்படாதீங்க. மன்றம் உங்க கூட இருக்கு."

அதற்குள் வடக்குப் பக்கம் பாதி போயிருந்தது. வசந்தாமணி தினமும் சாயங்காலம் கடலைக்காட்டுக்குப் போய், ஒரு எவர்சில்வர் தட்டும் கரண்டியுமாக வரப்பில் நின்று தட்டிக்கொண்டிருந்தாள். பன்றிகள் முதலில் ஓடின. அப்புறம் அவள் தட்டுகிற பக்கத்தை விட்டுவிட்டு மறு பக்கம் மேய ஆரம்பித்தன. கை வலிக்கிறது என்று அவள் ஒரு நாளும் சொல்லவில்லை. ராத்திரி தைலம் தடவுகிற வாசனையில்தான் எனக்குத் தெரியும்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு நேராகக் கடைக்குப் போனேன். கருவியைக் கையில் எடுத்து, கார்டையும் நீட்டிவிட்டேன். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது.

"கிட்டுசாமி, கடையில நிக்கிறீங்களாமே? நம்ம ஆள் ஒருத்தர் பார்த்திருக்கார். மன்றம் ஒரு பக்கம் பார்த்துட்டு இருக்கும்போது நீங்க இன்னொரு பக்கம் வாங்கினா அதுக்கு என்ன பேரு தெரியுமா? நம்பிக்கையில்லாத் தீர்மானம்."

"காடு போயிட்டிருக்குதுங்க தலைவரே!"

"ஒரு வாரம் பொறுங்க. உங்க வீட்டுக்காரம்மாகிட்ட நான் பேசுறேன்."

அவர் வசந்தாமணியிடம் பேசினால் அதற்கப்புறம் நான் எந்த வீட்டில் இருப்பது? பயந்துபோய்க் கார்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஆமாம், கோழைத்தனம்தான். ஊர் விட்டு ஊர் வந்து, பிள்ளையார் சதுர்த்திக்கும் பிறந்த நாளுக்கும் கூப்பிட நாலு பேர் வேண்டுமே என்று நினைக்கிறவனுக்குத்தான் அது புரியும்.

கடைசியில் குலுக்கல் முறையில் ஒரு செம்பொட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். முதலில் நிராகரித்த அதே முதல் கருவிதான் வந்தது. இளமாறன் அழைப்பிதழ் அடித்து எல்லாருக்கும் அனுப்பினார். மேலே இரண்டு பக்கமும் மயில். நடுவில், "துப்பாக்கிக்குச் செம்பொட்டு வைக்கும் விழா. அனைவரும் குடும்பத்துடன் வருக."

சனிக்கிழமை மத்தியானமே எங்கள் நிலத்தில் கார்கள் நிறைந்துவிட்டன. ஷாமியானா, மைக் செட், அண்டா அண்டாவாகச் சாம்பார் சாதம். காட்டின் மறு கோடியில், ஓடைக்காக வெட்டிப் போட்ட மண் மேட்டில் பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். போட்டோ எந்தப் பக்கம் எடுத்தாலும் விழ வேண்டும் என்பதற்காக அந்த இடமாம். அதில் பிச்சுமணி இரண்டு ஆள் உயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். மேடைக்கும் பேனருக்கும் நடுவில், மிச்சமிருந்த கடலைக்காட்டின் கடைசிப் பாத்திகள். வசந்தாமணி அவற்றைக் காட்டி, "நாளைக்கே புடுங்கிறலாம்னு இருக்கேனுங்க. மூட்டை வராட்டியும் ஒரு கூடை வந்தாப் போதுமுங்க," என்றாள்.

துப்பாக்கியைப் பட்டுத்துணி விரித்த மேஜை மேல் வைத்தேன். குண்டுகள் என் பாக்கெட்டில் பத்திரமாக இருந்தன. இளமாறன் கருவியை அதன் மேல் பொருத்தித் திருகிவிட்டுப் பந்தி பார்க்க ஓடினார். அப்போதுதான் வான்மதி ஆன்ட்டி குங்குமச் சிமிழோடு வந்தார். நான் தண்ணீர் கேன் தூக்கிக்கொண்டிருந்தேன். ஆன்ட்டி கேட்டதும் இளமாறன் பந்தியிலிருந்தே கத்திச் சொன்னதும் காதில் விழுந்தன, மண்டையில் ஏறவில்லை.

"இளமாறன், பொட்டு எங்கப்பா வைக்கணும்?"

"மேலதான் ஆன்ட்டி. அந்தக் கண்ணாடிதான் செம்பொட்டு."

அழைப்பிதழில் போட்டபடி ஆன்ட்டி செம்பொட்டு வைத்தார். கண் வைத்துப் பார்க்கிற பக்கம், கண்ணாடியின் நட்ட நடுவில், சந்தனத்தைக் குழைத்து அப்பி, அதன் மேல் குங்குமம். கட்டை விரல் அகலத்துக்கு, சுத்தமான வட்டம். பக்கத்திலிருந்த பெண்கள் குலவை இட்டார்கள்.

தலைவர் மைக் பிடித்தபோது பொழுது இறங்க ஆரம்பித்திருந்தது.

"அன்பார்ந்த தமிழ்ச் சொந்தங்களே! இந்தச் செம்பொட்டைத் தேர்ந்தெடுக்க நாம் எத்தனையோ கூட்டங்கள் போட்டோம். ஒரு கூட்டத்தில்கூடப் பன்றியைப் பற்றிப் பேசி நேரத்தை வீணாக்கவில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்!"

கைதட்டல். ஓடைப் பக்கம் புதர் அசைந்தது. தாய்ப்பன்றி தலையை நீட்டி, கூட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பாத்திக்குள் இறங்கியது. பின்னாலேயே மற்றவையெல்லாம் இறங்கின.

நான் மேடை ஓரம் ஓடினேன். "தலைவரே, பன்னி வந்துருச்சுங்க!"

பிச்சுமணி மைக்கைக் கையால் பொத்தி, "கேள்வி நேரம் கடைசில," என்றார். பிறகு தொடர்ந்தார். "பன்றிகள் இன்று வரும், நாளை போகும். ஆனால் நம் குழுக்கள் நிரந்தரமானவை! சிலர் கேட்கிறார்கள், கிட்டுசாமி தானே வாங்கியிருந்தால் அன்றைக்கே வேலை முடிந்திருக்காதா என்று. முடிந்திருக்கும்! அப்புறம் நமக்கு என்ன வேலை?"

இன்னும் பலத்த கைதட்டல். பன்றிகள் முதல் பாத்தியை முடித்து இரண்டாவதுக்கு வந்தன. வசந்தாமணி தட்டையும் கரண்டியையும் தேடி ஓடினாள். அதை எடுத்து யாரோ அப்பளம் பரிமாறிக்கொண்டிருந்தார்கள்.

நன்றியுரை, பொன்னாடை, குழுப் படம் எல்லாம் முடிந்து தலைவர் மேஜைக்கு வந்தார். முதல் குண்டு தலைவருக்கு என்று தீர்மானம் இருந்ததாம். எல்லாரையும் பின்னால் நகர்த்திவிட்டு, குண்டு போட்டுக் கொடுத்தேன். பிச்சுமணி துப்பாக்கியைத் தோளில் வைத்துக் கண்ணாடி வழியே பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"ஆகா! என்ன உருண்டை! என்ன சிவப்பு! ஃ இல்ல, கமா இல்ல, ஒரே பொட்டு! கிட்டுசாமி, இதுக்குத்தான்யா குழு வேணும்கிறது!"

அப்போதுதான் எனக்குத் திக்கென்றது. கருவியின் ஸ்விட்சை யாரும் போடவே இல்லை.

"தலைவரே, இருங்க, அது குங்குமம்…"

டமால் என்று வெடித்தது. பன்றி ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. மண் மேட்டில் சிரித்துக்கொண்டிருந்த பேனர் ஒரு உதறு உதறியது. பிச்சுமணியின் நெற்றியில், இரண்டு புருவத்துக்கும் நடுவில், பொட்டு வைக்கிற இடத்தில் அளந்து வைத்த மாதிரி ஒரு ஓட்டை. சாயங்கால வெயில் அது வழியே சிவப்பாகத் தெரிந்தது.

சத்தத்தில் பன்றிகள் மிரண்டு, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் கடைசிப் பாத்திகளின் மேலேயே குறுக்கும் நெடுக்குமாக ஓடின. மிதித்தது பாதி, கவ்விக்கொண்டு போனது பாதி. புதருக்குள் கடைசி வால் மறைந்தபோது கடலைக்காடு வெறும் காடாகியிருந்தது.

"ஓடிடுச்சு! பன்றி ஓடிடுச்சு!" என்று இளமாறன் மைக்கில் கத்தினார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. இனி இந்த நிலத்துக்குப் பன்றி வராது என்று தலைவர் உறுதி கூறினார். வருவதற்கு அங்கே என்ன இருக்கிறது? எல்லாரும் சாம்பார் சாதம் சாப்பிட்டுவிட்டு, டப்பாவிலும் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள்.

வீட்டுக்கு வரும் வழியிலேயே பிச்சுமணி போன் பண்ணினார். பேனரைத் தப்பான இடத்தில் கட்டியது யார் என்று விசாரிக்க ஒரு குழு போட்டிருக்கிறார்களாம். நிலம் என்னுடையது என்பதால் நான்தான் கன்வீனர். "விழா செம்ம சக்சஸ் கிட்டுசாமி. அடுத்த வருஷம் இன்னும் பெருசா பண்றோம்," என்றார். பக்கத்து சீட்டில் வசந்தாமணி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். நான் சரிங்க தலைவரே என்று சொல்லி வைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் துப்பட்டா முடிச்சை அவிழ்த்தாள். புழுதிக்குள் தடவித் தடவிப் பொறுக்கியது, இரண்டு கை கொள்ளுகிற அளவுக்குக் கடலைக்காய். மண் போகக் கழுவி, உப்புப் போட்டு வேகவைத்து, ஒரு கிண்ணத்தில் என் முன்னால் வைத்தாள். நான் நிமிரவில்லை. ஒன்றை உரித்து வாயில் போட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு கடலைக்காயை என் ஆயுசில் தின்றதில்லை.

"ரொம்ப நல்லா இருக்குது வசந்தா."

"தெரியுமுங்க," என்றாள். எதிரில் உட்கார்ந்து அவளும் ஒன்றை உரித்தாள். "அத்தன பேரு வந்தாங்களே, ஒருத்தராச்சும் காட்டுக்குள்ள எறங்கி, என்னம்மா போட்டிருக்கேன்னு கேட்டாங்களா? நீங்களுந்தான், கூட்டம் கூட்டமுன்னு போனீங்க, இந்தப் பக்கம் எத்தன நாள் எட்டிப் பாத்தீங்க?"

நான் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"அந்தப் பன்னிகளாச்சும் தெனமும் வந்து பாத்துச்சுங்க," என்றாள்.